டிரெய்லரைச் சத்தம் இல்லாமல் பாருங்கள்

மும்பை அந்தேரியில் பத்து வருடமாக டிரெய்லர் எடிட் செய்கிறேன். போன மாதம் தாராவியில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, டிரெய்லர் பூரா சிரிப்பா இருந்துச்சே! நம்பிப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போனேன். சின்னவ ராத்திரி பூரா தூங்கல."

அந்த டிரெய்லர் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் அதை எப்படி வெட்டியிருப்பார்கள் என்று தெரியும்.

நாம் ஏமாறுவது பெரும்பாலும் காதால்தான். நான் டிரெய்லர் வெட்டிய ஒரு படத்தில், நண்பன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு "உன்ன விடமாட்டேன்டா" என்று விளையாட்டாகச் சொல்வான். அந்தக் குரலை மட்டும் உருவி, வேறொரு காட்சியில் கதவைத் திறக்கும் தம்பி கதாபாத்திரத்தின் முகத்தின்மேல் வைத்தேன். அடியில் ஒரு முழக்கம், அப்புறம் அரை நொடி இருட்டு. கொலை மிரட்டலாகிவிட்டது! படத்தில் அந்த இருவரும் சந்திப்பதே இல்லை.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வசனம் வரும்போது பேசுபவரின் வாயைப் பாருங்கள். முதுகோ, எதிரில் இருப்பவரின் முகமோ மட்டும் தெரிந்தால், அந்த வசனம் வேறு காட்சியிலிருந்து வந்திருக்கலாம்.

இசையும் அப்படித்தான். படத்தின் பின்னணி இசை முடியும் முன்பே பல டிரெய்லர்களை வெட்டிவிடுகிறோம். தனியாக வாங்கிய இசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். நிசப்தம், ஒரு இடி, படத்தின் பெயர். அதற்கும் பிறகு ஒரு குட்டிச் சிரிப்புக் காட்சி வரும், வெளியே போகும்போது மனதில் நிற்பதற்காக.

சட்டமும் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. 2016-இல் வந்த 'ஃபேன்' படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ரசிகர் வழக்குப் போட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது பார்ப்பவரோடு போட்ட ஒப்பந்தம் ஆகாது என்பது தீர்ப்பு.

அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் டிரெய்லரை விட்டுவிட்டுப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024 விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ இப்போது வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது.

அக்காவின் போனிலேயே அந்த டிரெய்லரைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டினேன். நாற்பதாவது நொடியில் அவரே நிறுத்தினார். "இதுல ரத்தம் இருக்கே தம்பி, அன்னைக்கு எப்படிக் கவனிக்காம விட்டேன்?" அன்றைக்குச் சத்தத்தோடு பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு துள்ளல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.