வலையைச் சுற்றி வந்த ஹிங்கிஸும் செங்கல் பொடியில் விழுந்த பந்தும்

1999 ஜூன் 5, பாரிஸின் ரோலாந் காரோஸ் மைதானம். பிரெஞ்ச் ஓபன் பெண்கள் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ், உலகின் முதல் நிலை வீராங்கனை. மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் வென்றுவிட்டார், இது ஒன்றுதான் பாக்கி. எதிர்ப்பக்கம் முப்பதைத் தொடப்போகும் ஸ்டெபி கிராஃப். முதல் செட் 6-4 என்று ஹிங்கிஸுக்கு. இரண்டாவது செட்டிலும் 2-0 என்று முன்னிலை. அந்த நேரத்தில் ஹிங்கிஸ் அடித்த ஒரு பந்து கிராஃப் பக்கத்து அடிக்கோட்டை, அதாவது ஆடுகளத்தின் கடைசிக் கோட்டை, ஒட்டி விழுந்தது. 'அவுட்' என்றது அந்தக் கோட்டைக் கவனிக்கும் லைன் அம்பயரின் குரல்.

ஹிங்கிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உயரமான நாற்காலியில் இருந்த தலைமை அம்பயர் ஆன் லாசெரிடம் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வலையைச் சுற்றி நடந்து எதிராளியின் பக்கத்துக்கே போய், பந்து பதித்த தடத்தைச் சுட்டிக் காட்டினார். டென்னிஸில் அது பெரிய மரியாதைக் குறைவு, விதிப்படி குற்றமும்கூட. தண்டனையாக ஒரு புள்ளி பறிபோனது. ஹிங்கிஸ் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார், மேலதிகாரிகள் வந்து பேச வேண்டியதாயிற்று. அரங்கம் முழுக்கக் கூச்சல். அந்த நிமிடத்திலிருந்து ரசிகர்கள் கிராஃபின் கட்சி.

கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கஷ்டமானது? அதிலும், தரையில் தடமே பதியும் களிமண் ஆடுகளத்தில் ஏன் சண்டை தீரவில்லை?

முதலில் ஹிங்கிஸ் நின்ற இடத்திலிருந்து பார்ப்போம். டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். ஹிங்கிஸின் உயரம் 170 சென்டிமீட்டர், கண் தரையிலிருந்து சுமார் 158 சென்டிமீட்டரில் இருக்கும். தன் அடிக்கோட்டில் நிமிர்ந்து நின்று எதிர் அடிக்கோட்டைப் பார்த்தால், அந்தப் பார்வைக் கோடு பாதி தூரத்தில், அதாவது வலை இருக்கும் இடத்தில், 79 சென்டிமீட்டர் உயரத்தில் போகும். வலையோ நடுவில் 91.4 சென்டிமீட்டர் உயரம். ஆக, எதிர் அடிக்கோட்டை அவர் பார்ப்பதே வலையின் கண்ணிகள் வழியாகத்தான். அடித்து முடித்துக் குனிந்த நிலையில் இருந்தால் இன்னும் மோசம்.

வலையை மறந்துவிட்டாலும் கோணம் விடாது. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் தரையைப் பார்க்கும் சாய்வு 4 டிகிரிக்கும் குறைவு. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே 1 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். அந்தச் சாய்வில் அது முக்கால் மில்லிமீட்டரைவிடக் குறைவாகச் சுருங்கித் தெரியும், அதுவும் 24 மீட்டருக்கு அப்பால். நல்ல கண்பார்வை பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், கோட்டைத் தாண்டிய இடைவெளி சுமார் 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் அங்கிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியும். பந்தின் விட்டமே 6.7 சென்டிமீட்டர்தான்! 'நான் பார்த்தேன், உள்ளேதான் விழுந்தது' என்று ஒரு வீராங்கனை சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. தன் மட்டையில் பந்து பட்ட விதத்தை வைத்து எங்கே விழும் என்று மூளை போட்ட கணக்கையே கண்ணால் கண்டதாக நினைத்திருப்பார்.

நாற்காலி அம்பயருக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. உயரம் அதிகம், தூரம் பாதி. ஆனால் உண்மையில் வசதியான இடம் லைன் அம்பயருடையதுதான். அவர் ஆடுகளத்தின் பக்கவாட்டில், அடிக்கோட்டின் நேர் நீட்சியில் இருந்து கோட்டோடு கோடாகப் பார்க்கிறார். இடைவெளி அவருக்குச் சுருங்காமல் முழுதாகத் தெரியும். முதல் தீர்ப்பு அவர் வாயிலிருந்து வருவதற்குக் காரணம் இந்த எளிய வடிவியல்.

சரி, அவருக்காவது பிழையில்லாமல் தெரிகிறதா? மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 25 மீட்டர் போகும். 8 மீட்டர் தள்ளி இருப்பவரின் பார்வையில் அது நொடிக்கு ஏறத்தாழ 180 டிகிரி என்ற வேகத்தில் குறுக்கே பாய்கிறது. மனிதக் கண்ணால் வழுக்கிக்கொண்டே அதைத் தொடர முடியாது, தாவித்தான் பிடிக்க வேண்டும். கண் தாவும் அந்தக் கணத்தில் மூளை காட்சியைக் கிட்டத்தட்ட அணைத்தே வைக்கிறது. அதனால் பந்தைத் துரத்தாமல், அது வருவதற்கு முன்பே பார்வையைக் கோட்டில் நிறுத்திக் காத்திருக்கும்படி லைன் அம்பயர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 5 மில்லி நொடி, நொடியில் இருநூறில் ஒரு பங்கு.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. விழித்திரையில் ஒளி பட்டு, அது நாம் 'பார்க்கும்' காட்சியாக மாறுவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி கழிந்துவிடுகிறது. அதற்குள் நம் பந்து இரண்டரை மீட்டர் போயிருக்கும். இந்தத் தாமதத்தை ஈடுகட்ட மூளை ஒரு தந்திரம் செய்கிறது: நகரும் பொருளை அது போகும் திசையில் கொஞ்சம் முன்தள்ளிக் காட்டுகிறது. அன்றாட வாழ்க்கைக்கு இது பெரிய உதவி. ஆனால் அடிக்கோட்டில் இதன் விளைவு என்ன? பந்து எப்போதும் ஆடுகளத்திலிருந்து வெளியே போகும் திசையில்தான் நகர்கிறது. ஆகவே உள்ளே விழுந்த பந்து வெளியே விழுந்ததாகத் தோன்றும் வாய்ப்புதான் அதிகம்.

இது வெறும் ஊகமில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் விட்னியும் அவர் குழுவினரும் 4,000-க்கும் மேற்பட்ட விம்பிள்டன் புள்ளிகளை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். தவறான தீர்ப்புகள் 83 கிடைத்தன. கண்ணின் பிழை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வந்திருக்க வேண்டும். வந்ததோ, 70 தவறுகள் உள்ளே விழுந்த பந்தை 'அவுட்' என்றவை, அதாவது 84 சதவீதம். தீர்ப்பைச் சரிபார்க்கச் சொல்ல அப்போது வீரர்களுக்கு இருந்த அப்பீல் வாய்ப்பை வீணாக்காமல் இருக்க வேண்டுமானால் 'அவுட்' தீர்ப்புகளை எதிர்ப்பதே லாபம் என்றும் அவர்கள் யோசனை சொன்னார்கள். ஹிங்கிஸ் எதிர்த்ததும் ஓர் 'அவுட்' தீர்ப்பைத்தான். அதற்காக அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. மொத்தத் தவறுகளின் போக்கை வைத்து ஒரு தனிப் பந்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

தொலைக்காட்சி மறுஒளிபரப்பைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். அன்றைய ஐரோப்பிய ஒளிபரப்பில் நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து அரை மீட்டர் நகர்ந்துவிடும். தரையைத் தொட்ட அந்த 5 மில்லி நொடி இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்து காணாமலே போகலாம்.

இப்போது தடத்துக்கு வருவோம். எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரோலாந் காரோஸ் தரையைக் களிமண் என்கிறோம், பார்த்தால் செம்மண் மாதிரி இருக்கும். ஆனால் கீழே இருப்பது கற்களும் சரளையும் நொறுக்கிய சுண்ணாம்புக் கல்லும். சிவப்பாகத் தெரிவது அதன் மேல் தூவிய செங்கல் பொடி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். வாசலில் சிந்திய கோலமாவில் விரலை வைத்து ஓர் இழு இழுத்தால் விழும் கோடு மாதிரி, பந்தும் பொடியைத் தள்ளிக்கொண்டே போகிறது. தாழ்வான கோணத்தில் வரும் பந்து தரையைத் தொட்டதும் நசுங்கி, வழுக்கி, பிறகு எழும்புகிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 5 மில்லி நொடி என்றால் உராய்வைக் கணக்கில் எடுக்காமல் 12 சென்டிமீட்டர் பயணம். உராய்வு அதைக் குறைக்கும். அதனால் தடம் வட்டமாக இருக்காது, பந்து போன திசையில் நீண்ட முட்டை வடிவில் இருக்கும்.

நாற்காலியிலிருந்து இறங்கி வரும் அம்பயர் தேடுவது இந்த முட்டையைத்தான். எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்று பார்த்து, இது இந்தப் பந்தின் தடம்தானா என்று உறுதிப்படுத்துவார். முட்டை முழுதாக இருந்து, அதற்கும் கோட்டுக்கும் நடுவே கலையாத பொடி தெரிந்தால் பந்து வெளியே. கோட்டருகே முட்டை வெட்டுப்பட்டு நின்றால் உள்ளே. கோட்டின் ஓரத்தைத் தொட்டாலே போதும், பந்து நல்ல பந்து.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பொடி எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. காற்று அடிக்கும், கால்கள் சறுக்கும், ஓரிடத்தில் பொடி குவியும், இன்னோரிடத்தில் அடித்தரை எட்டிப்பார்க்கும். பொடி அதிகமுள்ள இடத்தில் பந்து அதை ஒதுக்கித் தள்ளுவதால் தடம் உண்மையைவிடப் பெரிதாகும். பொடி குறைந்த இடத்தில் பந்து அழுத்தமாகப் பட்ட பகுதி மட்டும் பதியும். முதலில் மெல்லத் தொட்ட விளிம்பு பதியாமலே போகலாம். பந்தின் முதல் தொடுகை கோட்டின் ஓரத்தில் என்றால், சரியாக அந்த விளிம்புதான் நமக்குத் தேவை! அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால் எது எவருடையது என்ற சண்டை தனி. தடம் ஒரு சாட்சிதான், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். படிக்கும் உரிமையை விதி அம்பயர் ஒருவருக்கு மட்டும் கொடுக்கிறது. ஆளாளுக்கு வலையைச் சுற்றி வந்து விரல் நீட்டினால், கால் பட்டே அந்தச் சாட்சி கலைந்துவிடும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை. ஹிங்கிஸின் கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம், அவர் போன வழியில் இல்லை.

அதன் பிறகும் அவருக்கு வாய்ப்பு இருந்தது. இரண்டாவது செட்டில் 5-4 என்ற நிலையில் பட்டத்துக்காக சர்வ் போட்டார், முடிக்க முடியவில்லை. 4-6, 7-5, 6-2 என்று கிராஃப் வென்றார். கடைசியில் மேட்ச் பாயின்ட் நேரத்தில் ஹிங்கிஸ் கையைக் கீழிருந்து வீசி சர்வ் போட்டதும் அரங்கம் மறுபடி ஊளையிட்டது. கீழ்க்கை சர்வ் விதிப்படி முழுக்கச் சரியானது என்பதைப் பலர் அன்றைக்கு நினைக்கவே இல்லை. மைதானத்தை விட்டு வெளியேறியவர், பரிசளிப்புக்குத் தாய் மெலானியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபடி திரும்பி வந்தார். கிராஃபுக்கு அது 22-ஆவது கிராண்ட் ஸ்லாம், கடைசியும் அதுவே. ஹிங்கிஸுக்கு அந்தப் பட்டம் ஒற்றையரில் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்தத் தீர்ப்பைச் சொல்ல இயந்திரம் வந்ததற்குக் காரணம் வேறொரு பெண்கள் ஆட்டம். 2004 அமெரிக்க ஓபன் காலிறுதியில் ஜெனிஃபர் கேப்ரியாட்டிக்கு எதிராக செரீனா வில்லியம்ஸ் அடித்த பந்து தெளிவாக உள்ளே விழுந்தது. லைன் அம்பயரும் அப்படித்தான் சொன்னார், நாற்காலி அம்பயர் அதை மாற்றி 'அவுட்' என்றார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கெல்லாம் உண்மை தெரிந்தது, தீர்ப்பு சொன்னவருக்குத் தெரியவில்லை. இந்த அவமானம் பொறுக்க முடியாமல் 2006-இல் மயாமியிலும் அதே ஆண்டு அமெரிக்க ஓபனிலும் ஹாக்-ஐ முறையை அனுமதித்தார்கள். அரங்கைச் சுற்றியுள்ள பல கேமராக்கள் பந்தை வெவ்வேறு கோணத்தில் படம் பிடிக்கும். அவற்றை வைத்துக் கணினி பந்தின் முப்பரிமாணப் பாதையைக் கட்டி, அது எங்கே எப்படி நசுங்கியிருக்கும் என்று கணக்கிடும். திரையில் நாம் பார்க்கும் அந்தக் கரும்புள்ளி புகைப்படம் இல்லை, கணக்கின் விடை. ஆரம்ப ஆண்டுகளில் ஹாக்-ஐ நிறுவனமே சொன்ன சராசரிப் பிழை 3.6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் 'இன்' என்று திரை காட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை.

களிமண்ணில் இந்தக் கணக்கும் கண்ணால் காணும் தடமும் மோதிக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் போட்டியில் மின்னணுத் தீர்ப்பை ஏற்காத அரினா சபலென்கா, கைப்பேசியை எடுத்து வந்து தடத்தைப் படம் பிடித்தார். நடத்தை மீறல் என்று எச்சரிக்கை வந்தது. தடம் ஒன்று சொல்ல, கேமராக்கள் வேறொன்று சொல்ல, இரண்டுமே தத்தம் அளவில் சரியாக இருக்கலாம்: பதிந்தது பந்து அழுத்திய இடம், கணக்கிட்டது பந்து தொட்ட இடம்.

அதே ஆண்டு விம்பிள்டன் லைன் அம்பயர்களை முழுக்க நிறுத்திவிட்டு மின்னணுக் குரலுக்கு மாறியது. நான்காவது சுற்றில் சோனே கார்ட்டலுக்கு எதிராக ஆடிய அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவின் கேமில், ஆடுகளத்தின் ஒரு பகுதியில் அமைப்பு தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே விழுந்த பந்துக்குக் குரல் வரவில்லை. அம்பயர் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார், பாவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தார், பிறகு ஆட்டத்தை வென்றார். கிராண்ட் ஸ்லாம்களில் ரோலாந் காரோஸில் மட்டும் 2025-இலும் லைன் அம்பயர்கள் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் நாற்காலி அம்பயர் இறங்கி வந்து செங்கல் பொடியில் முட்டையைத் தேடுகிறார்.