133.5-ஆம் எண் அலமாரியும் ஏழரைச் சனியும்

நூலகத்தில் சீக்கிரம் கிழிகிற புத்தகம் எது என்று கேட்டால் சமையல் புத்தகம் என்பார்கள். காங்கயம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் சொல்கிறேன், சோதிடப் புத்தகம்தான். அதுவும் முழுதாகக் கிழியாது. பழைய சனிப்பெயர்ச்சி நூல் ஒன்றில் விருச்சிகத்தை மட்டும் யாரோ தையல் பிரித்து உருவிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற பதினொரு ராசியும் பத்திரமாக இருக்கின்றன.

நூலகப் புத்தகங்களை எண் போட்டு அடுக்க மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறையில் இப்போது சோதிடத்துக்கு எண் 133.5. வானியலுக்கு 520. இடையில் சமயம், சமூகவியல், மொழி என்று மூன்று பெரிய வகுப்புகள் குறுக்கே நிற்கின்றன. உளவியலின் 150 மட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதை நான் பொருத்தமான இடமாகத்தான் நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலையில் கதவைத் திறந்ததும் நாளிதழ் மேசையில் தலைப்புச் செய்தியைத் தொடாமல் நேராக ராசிபலனுக்குப் போகிறவர்கள் உண்டு. அதில் ஒரு பெரியவர் எல்லாப் பேப்பரையும் பார்த்துவிட்டுத்தான் எழுவார். "ஏனுங்கய்யா, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விதமாப் போட்டிருக்குதே, எதை நம்புவீங்க?" என்று கேட்டேன். "எவன் நல்லது சொல்லியிருக்கானோ, அவன்தான் அம்மிணி சரியாக் கணிச்சிருக்கான்" என்றார். பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை வைத்துப் பூசிக்கிற சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டியில் புதுப்பொருள் வைத்த செய்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒரு பேப்பருக்கு ஆறு கை நீளும்.

இன்னொருவர் புத்தகத்தின் பதிவெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "எட்டு வருதுங்க, வேற பிரதி இருக்குதுங்களா?" என்பார். தவணை தாண்டி வந்த ஓர் அக்கா, "சந்திராஷ்டமம்ங்க, அதான் வெளியவே வரலை" என்று தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொன்னார். சந்திராஷ்டமம் என்பது சந்திரன் நம் ராசிக்கு எட்டாவது ராசியில் நிற்கிற நாட்கள். சந்திரன் ஒரு ராசியில் இருப்பது இரண்டேகால் நாள். புத்தகம் தாமதமானதோ மூன்று வாரம். மீதி நாளெல்லாம் எந்தக் கிரகத்தின் கணக்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டினார்.

எங்களையும் ராசி விடுவதில்லை. மேல்நாட்டுச் சோதிடப் புத்தகங்களைப் புரட்டினால், பட்டியல் போடுவதும் அடுக்கி வைப்பதும் கன்னி ராசிக்குக் கைவந்த கலை, நூலகர் வேலை அவர்களுக்கே உரியது என்று இருக்கும். டியூயி பிறந்தது 1851 டிசம்பர் 10. அந்தக் கணக்கில் அவர் தனுசு. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது ஆகஸ்டில், அதனால் சிம்மம். எங்கள் தொழிலின் இரண்டு முன்னோடிகளும் கன்னிக்கு வரவில்லை, பாருங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளின் குழப்பம் வேறு மாதிரி. ஏப்ரல் 5-இல் பிறந்த பெண் கைபேசியில் தன்னை 'ஏரீஸ்' என்று படிக்கிறாள், அதாவது மேஷம். வீட்டில் அவளுடைய அப்பத்தா கன்னி ராசிக்குப் பலன் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று என்னிடம் வந்து நிற்கிறாள். எப்படி ஒத்துப்போகும்? மேல்நாட்டு முறை பிறந்த அன்று சூரியன் நின்ற இடத்தைப் பார்க்கிறது. நம் சாதகத்தில் ராசி என்பது சந்திரன் நின்ற இடம். போதாக்குறைக்கு, பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வசந்தம் தொடங்கும்போது வானில் சூரியன் நிற்கிற புள்ளி சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை (டிகிரி) நகர்கிறது. மேல்நாட்டு முறை அந்தப் புள்ளியோடு நகர்கிறது, நம் முறை விண்மீன்களையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்படிச் சேர்ந்த இடைவெளி இன்று ஏறத்தாழ 24 பாகை. அவர்களின் மேஷம் மார்ச் 21 வாக்கில் தொடங்க, நம் சித்திரை ஏப்ரல் 14-இல் பிறப்பது அதனால்தான். நம் கணக்கில் அந்தப் பெண்ணுக்குச் சூரியனே மீனத்தில்தான் இருக்கிறது. ஆக ஒரே பிள்ளைக்கு மூன்று ராசி. மூன்றுக்கும் பலன் படித்தால் மூன்றுமே தனக்குப் பொருந்துவதாகச் சொல்கிறாள்!

உளவியல் அலமாரி பக்கத்தில் இருப்பது பொருத்தம் என்றது இதனால்தான். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948-இல் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, பிறகு ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்துக் கோத்திருந்தார்.

நம் நாட்டிலும் சோதித்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் உடனிருந்தவர்களும் மகாராஷ்டிராவில் செய்தது அது, முடிவு 2009-இல் வெளியானது. படிப்பில் சுட்டியான பிள்ளைகள் 100, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 என்று சாதகங்களைத் திரட்டி, எது யாருடையது என்று சோதிடர்களைப் பிரிக்கச் சொன்னார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் கணிப்பு 46 சதவீதம் சரி. காசைச் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும்.

ஏழரைச் சனிக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை, கூட்டல் போதும். சனி நிற்கிற ராசி, அதன் இரு பக்கத்து ராசிகள் என்று எந்த நேரத்திலும் மூன்று ராசிக்கு ஏழரை நடக்கும். சனி எட்டில் நிற்கிற அஷ்டமத்தையும் நான்கில் நிற்கிற அர்த்தாஷ்டமத்தையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஐந்து. கஷ்டத்தோடு வருகிறவரிடம் "சனி படுத்துகிறார்" என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பொருந்தித்தான் தீரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நேற்றைய பலனில் ராசிப் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டு, உங்கள் நேற்றைய நாள் எது என்று கண்டுபிடியுங்கள். எங்கள் நாளிதழ் மேசையில் செய்து பார்த்தோம், ஒரே ரகளை. ஒரே வரிக்கு நான்கு பேர் சண்டை போட்டார்கள்.

பேப்பரில் படித்துச் சிரிப்பதோடு நின்றால் நான் ஏன் எழுதப் போகிறேன்? சர்க்கரை ஏறிக் காலில் புண்ணோடு, "அஷ்டமச் சனி விலகட்டும், சரியாப் போயிரும்" என்கிறவரைப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் ஆகும். புண் அதுவரை காத்திருக்காது. பத்துப் பொருத்தமும் பார்த்து மாமன் மகளுக்கு முடிக்கிறவர்கள், ரத்த உறவுத் திருமணம் பற்றி ஒரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். அதைச் சாதகக் கட்டத்தில் பார்க்க முடியாது.

அதற்காகப் புத்தகத்தை ஒளித்து வைக்க மாட்டேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931-இலேயே ரங்கநாதன் விதி எழுதிவிட்டார். கேட்டதைக் கொடுப்பேன், கூடவே இன்னொன்றையும் நீட்டுவேன். "பையன் மகர ராசிங்க, என்ன படிப்புப் போடலாம்னு புக்கு இருக்குதுங்களா?" என்று ஓர் அம்மா வந்தார். சோதிட நூலோடு உயர்கல்வி வழிகாட்டி ஒன்றையும் பதிந்து கொடுத்தேன். சோதிட நூல் தவணைக்குள் வந்துவிட்டது. வழிகாட்டி இன்னும் பையனிடம்தான் இருக்கிறது, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது.