கருணைக்கொலை: சொல்லுக்குள் ஒரு கொலை

கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல. 'தனடோஸ்' என்றால் சாவு. இரண்டும் சேர்ந்த 'யூதனேசியா'வைத்தான் நாம் 'கருணைக்கொலை' என்கிறோம். அதற்கு நேர்ப்பொருள் நல்ல சாவு, அவ்வளவுதான். கொலை என்பது மூலச்சொல்லில் இல்லை. 'மெர்ஸி கில்லிங்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கியதில் அது நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது. மலையாளத்தின் 'தயாவதம்' நம் கட்சி. கன்னடத்தில் 'தயாமரண'. பெங்களூரு அல்சூர் பெட்டிக்கடையில் கன்னடப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் பார்க்கிறவருக்கு ஒரே செய்தி அங்கே மரணம், இங்கே கொலை.

2025 ஜனவரி 30 அன்று கர்நாடக அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை ஏற்ற 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்ட வடிவில், மருத்துவமனைகளில் செயல்படுத்துவதற்கானது அது. "கருணைக்கொலைக்கு பர்மிஷன் குடுத்துட்டாங்களாமே?" என்று கேட்டால், இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம். மீள வழியில்லாதவருக்கு வெண்டிலேட்டர் போன்றவற்றைத் தொடங்காமல் விடுவது, தொடங்கியிருந்தால் விலக்குவது, இதற்குத்தான் வழி. மூன்று மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்ப வேண்டும். குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும். இதையும் 'செயலற்ற கருணைக்கொலை' என்று எழுதுகிறார்கள். செய்யாத கொலை எப்படிக் கொலையாகும் என்று யாரும் கேட்பதில்லை.

ஐசியூ வாசலில் இந்தச் சொல் செய்யும் வேலை லேசானதல்ல. "இனி பலனில்லை, டியூப் வேண்டாமே" என்று டாக்டர் சொன்னால், "எங்கப்பாவ நானே கொல்லணுமா?" என்று மகன் வெடிக்கிறான். அதே மகன் இரவு மனைவியிடம், "பாவம், இழுத்துக்கிட்டுக் கிடக்கிறார்" என்று அழுவான். இரண்டும் அவன் மனசுதான். முதலாவதில் பாதி, சொல் ஏற்றிவைத்த பாரம்.

சரி, மாற்று? மருத்துவரே உயிரை முடித்துவைப்பதற்குக் 'கருணைக்கொலை' இருந்துவிட்டுப் போகட்டும். 'நற்சாவு' அழகுதான், ஆனால் 'நல்ல சாவு' என்றால் நம் வீடுகளில் படுக்கையில் விழாமல் தூக்கத்திலேயே போய்ச்சேர்வது. மருத்துவ முடிவு எதையும் அது சுமக்காது. சிகிச்சையை நிறுத்துவதற்கு 'உயிர்காப்பு விலக்கல்' என்பது என் தேர்வு. விலக்குவது எந்திரத்தை, நோயாளியை அல்ல. வலிக்கான மருந்தும் பராமரிப்பும் கடைசிவரை உண்டு.

பயன்பாடு: "அப்பாவுக்கு உயிர்காப்பு விலக்கலுக்குச் சம்மதித்தோம், மார்பின் தொடர்கிறது." ஊருக்குப் போனில் சொல்ல இது நீளமென்றால், "மெஷினை எடுத்துட்டாங்க, வலிக்கு மருந்து ஓடுது" போதும்.