சார்ஜ்பேக் மெயில் வந்தால் முதலில் ஜிபேயை மூடி வையுங்கள்

கார்டில் கட்டிய பணத்தைக் கஸ்டமர் தன் வங்கி வழியாகத் திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். ஆன்லைனில் உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் இருந்து 'டிஸ்ப்யூட்' (தகராறு) என்று மெயில் வந்ததும் ஆன்லைனில் விற்கும் பலர் கஸ்டமருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். இல்லையென்றால் பயந்துபோய் ஜிபேயில் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முதலாவதில் மன உளைச்சலோடு போகும். இரண்டாவதில் பணமே போகும்.

எப்படி என்றால், கஸ்டமர் தன் கார்டு வங்கியிடம் புகார் செய்கிறார். அது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று ஏதோ ஒரு நெட்வொர்க் வழியாக உங்கள் கேட்வேக்கு வந்து சேர்கிறது. மெயில் உங்கள் கைக்கு வரும்போதே அந்தத் தொகை, கேட்வே உங்கள் கணக்குக்கு அனுப்பும் செட்டில்மென்ட்டில் பிடிக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் தனியாக ஜிபேயில் அனுப்பியது வங்கியின் கண்ணில் படாது. புகார் அதன் பாட்டுக்கு நடக்கும், அதே பணம் இரண்டாவது முறையும் போகும். திருப்பித் தருவது என்று முடிவு செய்தால் கேட்வேயின் டாஷ்போர்டிலேயே அந்த டிஸ்ப்யூட்டை ஒப்புக்கொள்ளுங்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

எதிர்த்து வாதிடுவதென்றால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் என்னிடம் சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊரில் சேலை விற்கும் ஒரு அம்மா வந்தார். 4,200 ரூபாய் சேலை, புகார் 'பொருள் வந்து சேரவில்லை'. அவர் பதிலாக எழுதி வைத்திருந்தது இரண்டு பக்கம்: எத்தனை வருடத் தொழில், எவ்வளவு நாணயம், சேலையின் தரம். எல்லாமே உண்மைதான், ஆனால் வங்கி கேட்டது அதுவல்ல. கூரியர் ரசீதில் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியின் கையெழுத்து இருந்தது. அது மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். அப்புறம் வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனால், டெலிவரிக்கு மறுநாள் கஸ்டமரே கேட்டிருக்கிறார்: "அக்கா, ஃபர்ஸ்ட் வாஷ் ட்ரை கிளீன் தானே?" வராத சேலையை யாரும் துவைப்பதில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட், பில், கூரியர் ரசீது மூன்றையும் மட்டும் அனுப்பினோம். பணம் திரும்பி வந்தது.

'பொருள் வரவில்லை' மாதிரியான புகாருக்கு விசா பொதுவாக 120 நாள் வரை அவகாசம் தருகிறது. அதற்குள் கூரியர் தளத்தில் டிராக்கிங் விவரம் இருக்குமோ இருக்காதோ. 'டெலிவர்ட்' என்று காட்டும் அன்றே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆர்டர் நம்பரோடு போட்டு வையுங்கள்.

'இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை' என்பது வேறு வகை. உள்நாட்டு கார்டில் ஓடிபி போட்டுக் கட்டியிருந்தால் விற்றவர் பக்கம் பலம் அதிகம். வெளிநாட்டு கார்டுகளில் ஓடிபி இல்லாமலே பணம் ஏறிவிடுவதுண்டு. திருட்டு கார்டாக இருந்தால் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பார்சல் போகும் முகவரி சென்னை, கார்டு வெளிநாடு, ஆர்டர் வழக்கத்தைவிடப் பெரிது என்றால் அனுப்புவதற்கு முன் ஒரு போன் பேசிவிடுங்கள். அங்கிருந்து அம்மாவுக்குச் சேலை வாங்கித் தரும் பிள்ளையாகவும் இருக்கலாம், அதனால் மரியாதையாகவே கேளுங்கள்.

கஸ்டமர் சொல்வதில் நியாயம் இருந்தால் வாதமே வேண்டாம். 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று இன்ஸ்டாகிராமில் எழுதி வைத்தது கிழிந்த சேலைக்குச் செல்லாது. குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்பதுதான் மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் நிலை. 'அன்பாக்சிங் வீடியோ இல்லையா, அப்போ முடியாது' என்று கதவைச் சாத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

யூபிஐயில் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் வரவு பாருங்கள். 'கட் ஆயிடுச்சு, உங்களுக்கு வரலையா?' என்று கேட்பவர் பொய் சொல்கிறார் என்றும் சட்டென்று முடிவுகட்ட வேண்டாம். கடைக்கான கியூஆரில் கட்டி அப்படி நடுவில் மாட்டிய பணம், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு. யூடிஆர் நம்பரோடு (அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்) அவரது வங்கியிடம் போகச் சொல்லுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. 'தெரியாமல் அதிகமா அனுப்பிட்டேன், மீதியை இந்த நம்பருக்குப் போடுங்க' என்பார்கள். வந்தது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். பணத்தை இழந்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் செய்தால் அது போன தடமெல்லாம் தேடி வந்து உங்கள் கணக்கையும் முடக்கக்கூடும். எந்த வழியில் வந்ததோ அதே வழியில் மட்டும் ரீஃபண்ட். வேறு நம்பர் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

முடங்கிவிட்டால் வங்கிக் கிளையில் மூன்று விவரம் எழுத்தில் கேளுங்கள்: புகாரின் எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை. பில், கூரியர் ரசீது, சாட் எல்லாவற்றையும் இணைத்து அந்த விசாரணை அதிகாரிக்கு மெயில் அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை விடுவிக்கக் கோருங்கள். நகல் வங்கிக்கும் போகட்டும். இதற்கு நாட்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். ஆகவே வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வீட்டு ஈஎம்ஐயும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில் இருந்து போக வேண்டாம்.