இரண்டு அரசுகள், ஒரே கஜானா: லிபியாவின் எண்ணெய் எப்படிப் பணமாகிறது?

"லிபியாவில் இரண்டு அரசுகள் இருப்பதாகச் செய்தியில் வருகிறதே, அதில் எது உண்மையான அரசு? அதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் என நான்கும் இருந்தால் அது நாடு. 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம் சொல்வது இதைத்தான், பள்ளியிலும் படித்திருப்போம். ஒரே நாட்டுக்கு இரண்டு அரசாங்கங்கள் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. எதை அங்கீகரிப்பது என்பதை ஒவ்வொரு வெளிநாடும் தன் வசதிப்படி முடிவு செய்கிறது.

லிபியாவில் 2011இல் கடாஃபி வீழ்ந்தார். 2014 தேர்தலுக்குப் பிறகு ஆட்சி இரண்டாகப் பிளந்தது. மேற்கே திரிப்போலியில் ஒரு அரசு. கிழக்கே டோப்ரூக்கில் நாடாளுமன்றம், அதற்குத் துணையாக கலீஃபா ஹஃப்தாரின் படை. நடுவில் பெயர்களும் ஆட்களும் பலமுறை மாறிவிட்டன. ஆனால் எண்ணெய் வயல்களிலும் ஏற்றுமதித் துறைமுகங்களிலும் பெரும்பகுதி பல ஆண்டுகளாகக் கிழக்குப் படையின் கையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் எண்ணெய்ப் பணமும் கிழக்குக்குத்தானே போக வேண்டும்? போகவில்லை. அது ஏன் என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

கப்பலில் ஏற்றிவிட்டதாலேயே கச்சா எண்ணெய் பணமாகிவிடாது. சரக்கு யாருடையது என்று சொல்லும் கப்பல் சீட்டு வேண்டும், எந்த நாட்டில் எடுத்தது என்ற சான்றிதழ் வேண்டும், காப்பீடு வேண்டும், வாங்குபவரின் வங்கி பணத்தை விடுவிக்க வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா? இல்லையென்றால், எண்ணெய் இறங்கும் துறைமுகத்தில் இன்னொருவர் வந்து "இது என் சரக்கு" என்று வழக்குப் போடலாம். லிபியாவைப் பொறுத்தவரை அந்த உரிமை திரிப்போலியில் இருக்கும் தேசிய எண்ணெய்க் கழகத்துக்கு மட்டும்தான் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கிழக்கு அரசு சும்மா இருக்கவில்லை. அதே பெயரில் தனக்கென்று ஒரு எண்ணெய்க் கழகத்தை அமைத்தது. 2016 ஏப்ரலில் டோப்ரூக்கை ஒட்டிய ஹரீகா துறைமுகத்தில் 'டிஸ்டியா அமேயா' என்ற கப்பலில் சுமார் 6,50,000 பீப்பாய் எண்ணெயை ஏற்றி மால்டாவை நோக்கி அனுப்பியது. உடனே ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைக் குழு அந்தக் கப்பலைப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்தால் என்ன ஆகும்? 2014இல் நிறைவேறிய 2146ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாடு, அங்கீகாரம் பெற்ற லிபிய அரசு சொல்லாமல் சரக்கை இறக்கக் கூடாது என்று கப்பலுக்கு உத்தரவிட வேண்டும். மற்ற நாடுகள் தங்கள் துறைமுகங்களுக்குள் அதை விடக் கூடாது. அதற்கு எரிபொருள் நிரப்பித் தரக் கூடாது. அந்த எண்ணெய்க்காக எந்தப் பணமும் கைமாறக் கூடாது. வயிறு நிறைய எண்ணெயோடு நிற்கும் கப்பலுக்குப் போக இடமில்லை! மால்டா உள்ளே விடவில்லை. கடைசியில் அது லிபியாவுக்கே திரும்பி, திரிப்போலிக்கு மேற்கே உள்ள ஸாவியாவில் சரக்கை இறக்கியது. கிழக்கு ஏற்றிய எண்ணெய் மேற்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு தோட்டாகூடச் செலவாகாமல்.

2018இல் ஹஃப்தார் துறைமுகங்களைக் கிழக்குக் கழகத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார். வாங்க ஆள் வரவில்லை. சில வாரங்களிலேயே அவை திரிப்போலிக் கழகத்திடம் திரும்பின. ஆக, கிழக்கால் எண்ணெயை நிறுத்த முடியும், விற்க முடியாது. 2020இல் மாதக்கணக்கில் நிறுத்தியும் காட்டியது.

சரி, விற்ற பணம் எங்கே போகிறது? திரிப்போலியில் உள்ள மத்திய வங்கிக்கு. அங்கிருந்துதான் நாடு முழுவதும் அரசுச் சம்பளம் போகிறது. ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்ற ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள் பலருக்கும் அதே வங்கிதான் சம்பளம் கொடுத்தது. கிழக்கு 2016 முதல் ரஷ்யாவில் தனியாக தினார் நோட்டு அச்சடித்து வரவழைத்தது. அது உள்ளூரில் செலவானது. ஆனால் இறக்குமதிக்கு டாலர் வேண்டும், டாலர் எண்ணெயிலிருந்துதான் வரும்.

இதில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை, டீசல் கடத்தல் பல ஆண்டுகளாக நடக்கிறது. இருந்தாலும் போரைப் படிக்கிறவர்கள் துப்பாக்கிகளை எண்ணுகிற அளவுக்குக் கப்பல் சீட்டுகளையும் வங்கிக் கணக்குகளையும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படிப்பட்ட ஆய்வை "இதெல்லாம் ஒரு அறிவியலா" என்று ஒதுக்கி நிதி மறுப்பது பெரிய தவறு. ஒரு சண்டை எங்கே போய் நிற்கும் என்று கணிக்க இந்தத் தாள்கள் உதவும்.

2024 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். வங்கியை விட்டால் வேறு வழியில்லை என்று ஆனபின், சண்டையே வங்கிக்காக மூண்டது. திரிப்போலியில் உள்ள அதிபர் அவை (அதிபர் பொறுப்பைக் கூட்டாக வகிக்கும் மூவர் குழு), மத்திய வங்கி ஆளுநர் சாதிக் அல் கபீரை நீக்க முற்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அந்த நீக்கத்தை எதிர்த்துக் கிழக்கு எண்ணெயை நிறுத்தியது. செப்டம்பரில் ஐ.நா. நடுவில் இருந்து பேசி, நாஜி ஈசா புதிய ஆளுநராக வருவதற்கு இரு தரப்பையும் சம்மதிக்க வைத்தது. அக்டோபர் தொடக்கத்தில் எண்ணெய் மறுபடி ஓடத் தொடங்கியது. எது உண்மையான அரசு என்ற பேச்சை அந்த உடன்பாட்டில் யாரும் எடுக்கவே இல்லை.