செருப்பு கழன்றது தெரியவில்லை என்றார் அந்த அம்மா

"ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சுங்க டாக்டர். ஆபரேஷன் பண்ணணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லிடுங்க."

உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்கள். நரம்பியல் ஓ.பி.யில் இது அன்றாடக் கதை. பெரிய பிளாஸ்டிக் கவரிலிருந்து நான் படத்தை எடுப்பதற்குள் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். வெளியூரில் இருக்கும் மகன் அதை வாட்ஸ்அப்பில் வாங்கி, இணையத்தில் தேடி, அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவிடம் மட்டும் ஏதோ சொல்லியிருப்பான்.

இட்லிக்கடை நடத்தும் ஓர் அம்மா இப்படித்தான் வந்தார். வயது 58. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறு மாதமாகக் கால் விறைப்பு, நடை தள்ளாட்டம். இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். எல்4–எல்5 இடத்தில், அதாவது இடுப்பு முள்ளெலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே, டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று வீட்டில் முடிவே கட்டியாகிவிட்டது.

படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறென்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"நடக்கும்போது செருப்பு எப்பக் கழண்டுச்சுன்னே தெரியறதில்லைங்க. சில்லறை எண்ணினா விரல்ல நிக்க மாட்டேங்குது. மூஞ்சி கழுவக் கண்ணை மூடினா ஆளைத் தள்ளுது."

இந்த மூன்று வரியில் இருந்தது அந்த ரிப்போர்ட்டில் இல்லை. இடுப்பு ஜவ்வு பிதுங்கினால் கைவிரல் ஏன் தடுமாற வேண்டும்? உள்ளங்காலைச் சாவி முனையால் கீறினேன். கட்டை விரல் மேல்நோக்கி எழுந்தது. பாரிஸ் மருத்துவர் பாபின்ஸ்கி 1896-இல் எழுதி வைத்த அடையாளம் இது. மூளையிலிருந்து இறங்கும் பாதையில், மூளையிலோ தண்டுவடத்திலோ, கோளாறு இருக்கிறது என்று பொருள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1–எல்2 அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள்தான். எல்4–எல்5 பிதுக்கத்தால் அந்த விரல் எழவே எழாது.

அப்படியானால் அந்தப் பிதுக்கம்? அது பாட்டுக்கு இருக்கும். எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரை போலத்தான். நரைத்ததற்காக யாரும் தலையை அறுப்பதில்லையே!

கையும் சேர்ந்து தடுமாறியதால் கழுத்தை ஸ்கேன் செய்தோம். சி5–சி6 இடத்தில் (கழுத்து முள்ளெலும்புகளில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே) தண்டுவடம் நசுங்கியிருந்தது. அறுவை மருத்துவரும் ரேடியாலஜிஸ்ட்டும் படத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும், ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவு வர வேண்டும் (அது குறைந்தாலும் இதே தள்ளாட்டம் வரும்), மயக்க மருந்து தாங்குமா என்று தெரிய வேண்டும். நான்கு நாள் கழித்து வரச் சொன்னேன்.

அந்த நான்கு நாள்தான் கொடுமை. 'டாக்டர் எதையோ மறைக்கிறார்' என்ற எண்ணம் வருவது அப்போதுதான். அதில் எங்கள் தப்பும் உண்டு. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் பேசாமல் இரண்டு நிமிடம் பார்ப்போமே, அந்த இரண்டு நிமிடத்தில் எதிரே இருப்பவர் செத்துப் பிழைக்கிறார். ஒரு நோயாளியின் கணவர் இதை என் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்க்கப் பழகிவிட்டேன்.

காத்திருக்கும் நாட்களில் நான் பயப்படுவது சுளுக்கு எடுப்பவருக்குத்தான். நசுங்கிய தண்டுவடத்தோடு கழுத்தைத் திருகி நெட்டி முறித்தால் கைகால் விழுந்துவிடலாம். ஈரமான குளியலறைத் தரையும் அதே அளவு ஆபத்து. சிறுநீர் வராமல் அடைத்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் பலம் மளமளவென்று குறைந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நடு ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு பயமும் ஊரில் உண்டு: 'முதுகுல தண்ணி எடுத்தா கால் போயிடும்.' சிலருக்கு ஸ்கேனோடு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுக்கும் அந்தப் பரிசோதனையும் தேவைப்படும். ஊசி போவது எல்3-க்குக் கீழே. தண்டுவடம் முடிந்த பிறகுள்ள இடம். பிறகு சில நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான் பெரும்பாலும்.

நான்காம் நாள் அந்த அம்மா வந்தார். பி12 சரியாக இருந்தது. அறுவை சிகிச்சை தேவை என்றேன். இது முதலில் மேலும் மோசமாகாமல் நிறுத்துவதற்கு, போனதில் எவ்வளவு திரும்பும் என்று உறுதி தர முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். மகன் முகம் வாடியது. அம்மா கேட்டது, "எத்தனை நாள் கடை சாத்தணும்?"

மூன்று மாதம் கழித்து வந்தபோது மேசைமேல் சில்லறையைக் கொட்டி எண்ணிக் காட்டினார். நடையில் விறைப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு வாங்கியிருக்கிறார்.