பொய் முகவரிகள்: கணினி ஏன் உறைகிறது, ஏன் உறைவதில்லை

பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "விண்டோஸ் அடிக்கடி ஹேங் ஆகும், லினக்ஸ் ஆகாது, மேக் ஆகவே ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாம் சிப்பில்தானே ஓடுகின்றன? பிறகு இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?" கேள்வியின் முதல் பாதி பழங்கதை. அதிலும் மேக்கைப் பற்றிய பகுதி, 2001ஆம் ஆண்டுக்கு முன்பு பார்த்தால், சுத்தமாகத் தவறு. இரண்டாம் பாதிதான் அருமையான கேள்வி, ஏனெனில் விடையில் பெரும்பங்கு அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

அடிப்படையை விரைவாகக் கடந்துவிடலாம். இயங்குதளத்தின் மையம் கெர்னல். வன்பொருளைத் தொட்டு ஆளும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. நாம் திறக்கும் உலாவி, எழுத்துச் செயலி, விளையாட்டு எல்லாம் சாதாரணக் குடிமக்கள். எது வேண்டுமானாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். நுண்செயலியே, அதாவது நீங்கள் சொன்ன அந்தச் சிப்பே, இவ்விரு தகுதிகளையும் வேறுபடுத்தி அறியும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கெட்டுப்போன ஒரு குடிமகன் பக்கத்து வீட்டுக்குள் நுழையாதபடி எது தடுக்கிறது? என்னை இன்றும் வியக்கவைக்கும் ஏற்பாடு இங்குதான் இருக்கிறது.

எந்த நிரலுக்கும் நினைவகத்தின் உண்மையான முகவரி தெரியாது. ஒரு நிரல் 4,00,000 என்ற முகவரியில் உள்ள எண்ணைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சமயம் இன்னொரு நிரலும் அதே 4,00,000ஐக் கேட்கலாம். இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள்தான் கிடைக்கும். வடக்குத் தெரு, கதவு எண் 12 என்ற முகவரி நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. கடிதம் எந்த ஊர்த் தபால்காரரின் பையில் இருக்கிறதோ அந்த ஊர் வீட்டுக்குத்தான் அது போகும். அதைவிட முக்கியம், மதுரைத் தபால்காரருக்குத் திருச்சித் தெருக்கள் தெரியாது என்பதால், அவரிடம் கொடுத்த கடிதத்தில் என்ன பிழை இருந்தாலும் அது திருச்சியில் யார் வீட்டுக் கதவையும் தட்டாது. கணினியில் இந்தத் தபால்காரரின் கையேட்டுக்குப் பக்க அட்டவணை என்று பெயர்.

நினைவகம் பொதுவாக 4,096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். 32 பிட் முகவரியின் மேல் 20 பிட்கள் பக்கத்தின் எண்ணாகவும், கீழ் 12 பிட்கள் அந்தப் பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்பதாகவும் பொருள்படும். பக்க எண்ணை அட்டவணையில் தேடினால் உண்மையான இடம் கிடைக்கும். அதனுடன் மூன்று சிறு குறிப்புகளும் கிடைக்கும். இந்தப் பக்கம் இப்போது நினைவகத்தில் இருக்கிறதா? இதில் எழுதலாமா? சாதாரண நிரல் இதைத் தொடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிட். ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவைக்கும்போது கெர்னல் நினைவகத்தில் எதையும் இடம் மாற்றுவதில்லை. எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், நுண்செயலிக்குள்ளேயே இருக்கும் ஒரே ஒரு பதிவேட்டை மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்தக் கணத்தில் ஊரே மாறிவிடுகிறது.

அட்டவணை அனுமதிக்காத இடத்தை ஒரு நிரல் தொட்டால் நடப்பதுதான் இன்னும் அழகு. நுண்செயலி அந்தக் கட்டளையைப் பாதியிலேயே நிறுத்தி, அது தொடங்கவே இல்லை என்பதுபோல் எல்லாவற்றையும் முந்தைய நிலையில் வைத்துவிட்டு, கெர்னலை அழைக்கிறது. தேவையான பக்கம் வட்டில் இருந்தால் கெர்னல் அதைக் கொண்டுவந்து வைத்து, அதே கட்டளையை மீண்டும் ஓடவிடுகிறது; இடையில் தான் உறங்கியது நிரலுக்குத் தெரியவே தெரியாது. நிரலுக்கு உரிமையில்லாத பக்கமாக இருந்தால், அந்த நிரலை மட்டும் முடித்துவிட்டுக் கெர்னல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. திருடனைப் பிடிக்க வைத்த மணியையே வாசலில் அழைப்பு மணியாகவும் பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனம் இது.

இந்த எண்ணம் மென்பொருள் வணிகத்தில் பிறந்ததன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு ஃபெராண்டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கி, 1962 டிசம்பரில் இயக்கிவைத்த அட்லஸ் கணினியில் பக்கங்களும் பொய் முகவரிகளும் இருந்தன. வேகமான நினைவகம் 16,384 சொற்களுக்கு (அந்தக் கணினி ஒரே தடவையில் கையாளும் பிட் தொகுதிக்குச் சொல் என்று பெயர்) மட்டுமே இருந்ததால், மெதுவான காந்த உருளையையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம்போல் காட்டுவதே அவர்களின் நோக்கம். மேசைக் கணினிகளுக்கான இன்டெலின் 386 சிப்பில் இது வந்தது 1985இல்தான், அதாவது இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்கள் மூன்று ஆண்டுகளில் பயன் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அட்லஸ்தான் நினைவுக்கு வருகிறது.

ஆக, நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் சுவர் 1985 முதலே கையில் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம்முடைய 386 கணினிக்காக லினக்ஸை எழுதத் தொடங்கியபோது அதை முழுமையாகப் பயன்படுத்தினார். டேவ் கட்லரின் தலைமையில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கி 1993இல் வெளியிட்ட விண்டோஸ் என்டியும் அப்படியே. ஆனால் என்டி ஓடக் குறைந்தது 12 எம்பி நினைவகம் வேண்டும். வீட்டுக்கென்று வந்த விண்டோஸ் 95க்கோ 4 எம்பி போதும் என்று சொல்லப்பட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டு மக்களிடம் ஏற்கெனவே இருந்த விளையாட்டுகளும் 16 பிட் நிரல்களும் அதில் ஓடியாக வேண்டும். எனவே சுவரில் தெரிந்தே ஓட்டைகள் விடப்பட்டன. எல்லா நிரல்களும் பகிரும் ஒரு பகுதியில் இயங்குதளத்தின் சொந்தப் பாகங்களே குடியிருந்தன. எழுத அனுமதியும் திறந்தே கிடந்தது. எங்கோ ஒரு நிரல் தப்பான முகவரியில் எழுதினால் மொத்த வீடும் சரியும். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸின் முன்னிலையில், விண்டோஸ் 98இல் ஸ்கேனர் ஒன்றைச் செருகியதும், கணினி நின்றுபோனதை அறிவிக்கும் நீலத்திரை தோன்றியதை உலகமே பார்த்துச் சிரித்தது. இவ்விரு பதிப்புகளிலும் மில்லி நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி ஒன்று 49.7 நாள்களில் நிரம்பிவிடும். அப்போது கணினி உறைந்துவிடும். இந்தக் குறை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை, ஏனெனில் அத்தனை நாள் தொடர்ந்து ஓடிய கணினியைக் காண்பதே அரிதாக இருந்தது.

இதற்காக விண்டோஸ் 95ஐ நான் பழிக்கமாட்டேன். எளிதாகப் பயன்படுத்தலாம் என்பதும், உறையாமல் ஓடும் என்பதும் ஒரே பையிலிருந்து செலவாகும் பணம். வாங்கக்கூடிய விலையிலிருந்த கணினியில் மக்கள் முதலில் எளிமையைத்தான் வாங்கினார்கள். பழைய மேக்கின் நிலை இன்னும் மோசம். நிரல்களுக்கிடையே சுவரே இல்லை. ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். 2001 மார்ச்சில் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மரபில் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும், அக்டோபரில் என்டியின் கெர்னலைக் கொண்ட விண்டோஸ் எக்ஸ்பியும் வந்தபின், சுவர் விஷயத்தில் மூன்றும் சமமாகிவிட்டன.

அப்படியானால் 2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதிய கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 21 மதிப்புகளை எதிர்பார்த்த நிரலுக்கு 20 மட்டுமே தரப்பட்டிருந்ததால், இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி அது தப்பான முகவரியைப் படித்தது. சாதாரண நிரலாக இருந்திருந்தால் அது மட்டும் செத்திருக்கும். ஆனால் அது, வன்பொருள்களை இயக்கும் நிரல்களைப்போல், கெர்னலுக்குள் டிரைவராக ஓடியது. அங்கே பிடித்து நிறுத்த மேலே வேறு யாருமில்லை. கெர்னலுக்குள் எது கெட்டிருக்கிறது என்று தெரியாதபோது, தொடர்ந்து ஓடித் தரவுகளைச் சிதைப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்ற முடிவின் வெளித்தோற்றம்தான் நீலத்திரை. லினக்ஸிலும் டிரைவர் தவறினால் கெர்னல் நின்றுபோகலாம். ஆப்பிள் 2019 முதல் இத்தகைய மென்பொருளைப் படிப்படியாகக் கெர்னலுக்கு வெளியே தள்ளிவருகிறது. லினக்ஸில் இத்தகைய நிரல்களைக் கெர்னலுக்குள் ஓடவிட இபிபிஎஃப் என்ற வழி இருக்கிறது. அதில் வரும் நிரலை ஓடவிடுவதற்கு முன்பே கெர்னல் அலசிப் பார்க்கிறது. தன் கணினிகளைத் தானே வடிவமைக்கும் ஆப்பிளுக்கு, கெர்னலுக்கு வெளியே தள்ளுவது எளிது. யார் யாரோ செய்த பிரிண்டர்களும் அட்டைகளும் ஓடியாக வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் விண்டோஸுக்கு எளிதன்று.

ஆய்வகத்தில் நீங்கள் காணும் ஹேங் பெரும்பாலும் இந்த வகையாக இருக்காது. நினைவகம் போதாமல், பக்கங்கள் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓயாமல் அலைவதால் வருவது அது. அதில் எந்த இயங்குதளமும் உத்தமர் அல்லர். சொல்லப்போனால், குறைந்த நினைவகமுள்ள கணினியில் லினக்ஸின் மேசைத்திரை பல நிமிடங்கள் மௌஸைக்கூட அசையவிடாது, கடைசி நேரத்தில்தான் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று மூச்சுவிடும். மேசைத்திரையில் வலது சொடுக்கி ரெஃப்ரெஷை நாலு முறை அழுத்தினால் கணினி வேகமாகும் என்று மாணவர்கள் நம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, நினைவகத்தில் ஒரு பக்கத்தைக்கூட விடுவிப்பதில்லை. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் 4 ஜிபியை 8 ஆக்கி, பழைய சுழலும் வட்டை எஸ்எஸ்டியாக மாற்றிப் பாருங்கள்.

கிரவுட்ஸ்ட்ரைக் அனுபவத்துக்குப் பிறகு, பாதுகாப்பு மென்பொருளைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் முயற்சியை மைக்ரோசாஃப்டும் தொடங்கியிருக்கிறது. 2025இல் நீலத்திரையின் நிறத்தையும் கறுப்பாக மாற்றியது. அதற்குப் பின்னால் நிற்கும் கெர்னல் மட்டும் பழைய காரணத்துக்காகவே நிற்கிறது.